கடல் என்ன நேத்தா வந்து குடியேறுச்சு?

நீச்சல் குளத்தை சுத்தி போட்ட தளம் ஏன் இப்படி நாசமா போச்சுன்னு கேட்டா, "கடல் காத்து சார், நாம ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு இனிமே எவனாவது என் முன்னாடி வந்து நின்னு சொன்னான்னா அவனை அப்படியே அந்த நீச்சல் குளத்துல தள்ளி விட்டுருவேன், சத்தியமா சொல்றேன். ஏன்னா இப்போ இப்படி சொல்ற இதே ஆள் ரெண்டு வருஷம் முன்னாடி வேலை எடுக்க இடத்தை பார்க்க வந்தப்ப மொட்டை மாடியில நின்னு சட்டை பட்டனை கழட்டி விட்டுட்டு "அடடா என்னா காத்து சார், கோடி ரூபாய் கொடுத்தாலும் இப்படி கிடைக்காது"ன்னு சொன்னவன்தான். அதே காத்துதான்யா இது. அப்போ சுகமா இருந்துச்சு, இப்போ குத்தவாளி ஆயிருச்சா?

விஷயத்துக்கு வரேன். கோவளத்துக்கு தெற்கே ஈசிஆர் பக்கம் ஒரு சின்ன வீடு, மூணு ரூம், வீக்கெண்ட்ல வாடகைக்கு விடுறோம். பின்பக்கம் 20க்கு 10 அடியில ஒரு குட்டி குளம். குளத்துல ஒரு பிரச்சனையும் இல்லை, தண்ணி நிக்குது, மோட்டார் ஓடுது. எல்லா எழவும் குளத்தை சுத்தி இருக்குற தளத்துலதான். மூணு பக்கம் கல்லு, கடலை பார்த்த பக்கம் இரும்பு ஃப்ரேம் மேல மரப் பலகை. போன வருஷம் பொங்கலுக்கு பால் காய்ச்சி திறந்தோம், மொத்த செலவு ஏழு லட்சத்து சொச்சம். இந்த வருஷம் ஆடி மாசம் ஒரு கெஸ்ட்டோட கால் பலகைக்குள்ள முட்டி வரைக்கும் இறங்கிடுச்சு. நல்லவேளை சிராய்ப்போட போச்சு, அந்த மனுஷனும் தங்கமானவர், காசை திருப்பி கொடுத்ததும் பேசாம போயிட்டார். வேற ஆளா இருந்தா வீடியோ எடுத்து போட்டு நாறடிச்சிருப்பான்.

முதல்ல கல்லை பத்தி சொல்லிடுறேன், அதுல என் தப்பும் இருக்கு. போன்ல ஒரு போட்டோ பார்த்தேன், கறுப்பு கல்லு, நடுவுல நீல தண்ணி, அப்படி ஒரு அழகு. அது ஏதோ பனி பெய்யுற ஊர்ல எடுத்த போட்டோன்னு எனக்கு உறைக்கவே இல்லை. நான்தான் கேட்டேன், ஒத்துக்கறேன். ஆனா கல்லு போடுறதையே 20 வருஷமா தொழிலா வச்சிருக்கேன்னு சொல்ற ஒருத்தர், "சார் கத்திரி வெயில்ல இதுல கால் வைக்க முடியாது"ன்னு ஒரு வார்த்தை சொல்லி இருக்கணுமா வேண்டாமா? "சூப்பர் செலக்‌ஷன் சார்"னுட்டு போயிட்டார். மே மாசம் மதியம் ரெண்டு மணிக்கு, அதுவும் கடல் காத்து உள்ள வராம மேற்கு காத்து அடிக்கிற நாள்ல வந்து பாருங்க, குளத்துல இருந்து ஏறி ரூமுக்கு போறவங்க எல்லாம் தீமிதி திருவிழா மாதிரி ஓடுறாங்க. ஒரு குட்டி பொண்ணு பாதியில நின்னு அழுதுச்சு, முன்னாடியும் போக முடியலை பின்னாடியும் போக முடியலை, அவங்க அப்பா டவலை விரிச்சு விரிச்சு கூட்டிட்டு போனார். மச்சான் ஃபேக்டரியில வேலை பார்க்கறான், அவன்கிட்ட இருந்து சூடு அளக்குற கன் வாங்கிட்டு வந்து அடிச்சு பார்த்தேன், கறுப்பு கல்லு 63 டிகிரி. பக்கத்துலயே சமையல் மேடைக்கு வாங்கி மீந்து போன வெளிர் கிரானைட் துண்டு ஒண்ணு அதே வெயில்ல கிடந்துச்சு, அது 47. இதுக்கு சயின்ஸ் எல்லாம் வேண்டாம்ங்க, நம்ம ஊர் மொட்டை மாடியில வெள்ளை டைல்ஸ் ஏன் பதிக்கிறாங்கன்னு யோசிச்சாலே போதும்.

சரி சூடு குறையட்டும்னு பக்கெட் பக்கெட்டா தண்ணி ஊத்தினோம். எங்க போர் தண்ணி கரிக்கும், காயக் காய கறுப்பு கல்லு மேல வெள்ளை வெள்ளையா உப்பு பூத்துருச்சு. அதை எடுக்க ஆசிட் போடலாம்னு ஒருத்தன் ஐடியா கொடுத்தான், நல்லவேளை நான் கேட்கலை. கல்லுக்கு ஒண்ணும் ஆகாட்டியும் நடுவுல இருக்குற சிமெண்ட்டை அது அரிச்சிருக்கும்.

இப்ப இரும்புக்கு வரேன், இங்கதான் எனக்கு ரத்தம் கொதிக்குது. கைப்பிடி, ஏணி, ஸ்க்ரூ எல்லாம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு கொட்டேஷன்ல எழுதி காசு வாங்கினாங்க. எனக்கு சந்தேகம் வந்து கேட்டப்ப அதை போட்ட ஆள் என்ன பண்ணான் தெரியுமா, சட்டைப் பையில இருந்து ஒரு குட்டி காந்தத்தை எடுத்தான், மேஜிக் ஷோ காட்டுற மாதிரி கையை மடக்கி விரிச்சு, பைப் மேல வச்சான், அது நழுவி கீழ விழுந்துச்சு. "பாருங்க சார் ஒட்டலை, ஒரிஜினல்!" நானும் பல்லை காட்டிட்டு செக் எழுதி கொடுத்தேன். அப்புறம் படிச்சா தெரியுது, 316லயும் காந்தம் சரியா ஒட்டாது, 304லயும் ஒட்டாது, கிலோவுக்கு பாதி விலைக்கு கிடைக்கிற 202லயும் பெருசா ஒட்டாது! அதை வச்சு கிரேடை கண்டுபிடிக்கிறது, புடவையை தண்ணியில நனைச்சு பார்த்து ஒரிஜினல் பட்டுன்னு சொல்ற மாதிரி. 316க்குள்ள 2ல இருந்து 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும், உப்புக் காத்துல புள்ளி புள்ளியா அரிக்காம தாக்குப் பிடிக்கிறதுக்கு அதுதான் காரணம். அது இருக்கான்னு பார்க்க சொட்டு விட்டு கலர் பார்க்குற கிட் ஒண்ணு இருக்கு, விலையும் பெருசு இல்லை. நான் அதை வாங்கி சொட்டு விட்டப்ப கைப்பிடி முழுக்க டீ கறை மாதிரி பழுப்பு படிஞ்சு, கெஸ்ட் துடைச்சு போடுற வெள்ளை டவல்ல எல்லாம் துரு கோடு விழுந்து, எங்க வீட்டம்மா அதை வெளுத்து வெளுத்து கை நொந்து போயிருந்தா. ரிசல்ட் கேட்கணுமா? மாலிப்டினம் மருந்துக்கும் இல்லை.

அந்த ஃப்ரேம் இருக்கே, அது இன்னொரு கூத்து. சாதா இரும்பு பைப்பு, மேல ரெட் ஆக்சைடு, அதான் அந்த செங்காவி ப்ரைமர், ரெண்டு கோட். உடைஞ்ச பலகையை பிரிச்சு உள்ள டார்ச் அடிச்சு பார்த்தேன். வெளிய பெயிண்ட் இன்னும் பளபளன்னுதான் இருக்கு, விரலால அழுத்தினா அப்பளம் மாதிரி நொறுங்குது. ஏன்னா பைப்போட வாயை ரெண்டு பக்கமும் மூடவே இல்லை, உப்பு ஈரம் உள்ள போய் உட்கார்ந்துட்டு உள்ள இருந்து தின்னுக்கிட்டே வந்திருக்கு, வெளிய மட்டும் பவுடர் அடிச்ச மூஞ்சி. ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசின இரும்பு, போடலாம்னு நான் அப்பவே கேட்டேன், "எல்லாம் ஒண்ணுதான் சார்"னான். ஒண்ணு இல்லைங்க. அதுலயும் கடையில வாங்குற ஜிஐ பைப்பை வெட்டி சைட்ல வெல்டிங் வச்சா, வெல்டிங் வச்ச இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிரும், துரு அங்க இருந்துதான் ஆரம்பிக்கும். ஃப்ரேமை முழுசா வெல்டிங் பண்ணி முடிச்சிட்டு அப்புறம் மொத்தமா கொண்டு போய் உருக்கின துத்தநாகத் தொட்டியில முக்கி எடுக்கணும். இதை செய்யுற இடங்கள் சென்னையை சுத்தியே இருக்கு, லாரி வாடகை ஆகும், ரெண்டு நாள் லேட் ஆகும், அவ்வளவுதான்.

மரத்தை நான் குறை சொல்ல மாட்டேன் பாவம். தேக்கு தேக்காத்தான் இருக்கு. ஆனா அதுல சாதா இரும்பு ஸ்க்ரூ அடிச்சு, மரத்துல இருக்குற துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து ஒவ்வொரு ஸ்க்ரூவை சுத்தியும் கறுப்பு மை கொட்டின மாதிரி வட்டம். பக்கத்து குப்பத்துல ஒரு பெரியவர் இருக்கார், காலையில மீன் கொண்டு வருவார், அவர் ஒரு நாள் நின்னு இதை பார்த்துட்டு சிரிச்சார். "இன்னா சார், கடலாண்ட இரும்பை வச்சா அது துன்னாம வுடுமா? எங்க கட்டுமரத்துல ஒரு ஆணி பாத்துக்கிறியா நீ, எல்லாம் கவுறுதான்." அவருக்கு தெரிஞ்சது கூட ஏழு லட்சம் வாங்கினவனுக்கு தெரியலை பாருங்க.

கான்கிரீட் கதை வேற. கடலோரத்துக்குன்னு ஐஎஸ் 456ல, அதாவது நம்ம நாட்டு கான்கிரீட் விதிப் புத்தகத்துல, தெளிவா எழுதி வச்சிருக்கான், கடுமையான சூழல்னா கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடுற கான்கிரீட் கனம், வேணும், எம்30ங்கிற பலத்துக்கு குறையாம கலவை வேணும், கம்பி போட்ட கான்கிரீட்னா கலக்குற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாது. எங்க சைட்ல? அதே கரிக்கிற போர் தண்ணி, கம்பியை தூக்கி நிறுத்த வைக்கிற கவர் பிளாக்குக்கு பதிலா உடைஞ்ச டைல்ஸ் துண்டு. நான் கேட்டதுக்கு "இது என்ன சார் தண்ணி தொட்டியா, வெறும் தளம்தானே"ன்னு பதில். இப்போ ஓரத்துல ரெண்டு இடத்துல கம்பி துரு புடிச்சு ஊதி கான்கிரீட்டை பிளந்துக்கிட்டு வெளிய எட்டி பார்க்குது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பெருசாகும், அதுக்கு இடம் எங்க இருக்கு, உடைச்சுட்டுத்தான் வரும்.

அப்புறம் வாட்டம். கொத்தனார் பாஷையில வாட்டம்னா என்னன்னு சின்ன பசங்களுக்கு கூட தெரியும். தண்ணி குளத்தை விட்டு வெளிய ஓடணும், அடிக்கு கால் இஞ்ச் கொடுத்தா போதும். இவங்க குளத்தை பார்த்து வாட்டம் கொடுத்திருக்காங்க! நவம்பர் மழையில தோட்டத்து சேறு, வேப்பம் சருகு, செத்த மரவட்டை எல்லாம் வரிசையா குளத்துக்குள்ள ஊர்வலம். குளத்து விளிம்பு கல்லுக்கும் தளத்துக்கும் நடுவுல வெயில்ல விரியுறதுக்கு ஒரு இடைவெளி விட்டு, இழுத்தா இழுபடுற மாதிரி சீலண்ட் அடைக்கணும். அங்கயும் சிமெண்ட்டை வச்சு அப்பி விட்டாங்க. ஒரு மே மாசம் மதியம் சாப்பிட்டுட்டு இருந்தோம், வெளிய பட்டாசு வெடிச்ச மாதிரி சத்தம், ஓடி போய் பார்த்தா நாலு கல்லு கூரை மாதிரி தூக்கிட்டு நிக்குது.

இப்ப கேட்டா கல்லுக்காரன் கான்கிரீட்காரனை காட்டுறான், கான்கிரீட்காரன் வெல்டரை காட்டுறான், வெல்டர் நேரா கைய நீட்டி கடலை காட்டுறான். கடல் திருப்பி பேசாதுல்ல! இங்க இருந்து கொஞ்ச தூரத்துல மாமல்லபுரம், அங்க ஆயிரத்து முன்னூறு வருஷத்து கோயிலையே உப்பு அரிக்குதுன்னு தொல்லியல் துறை பேப்பர் கூழை பூசி பூசி கல்லுல இருந்து உப்பை உறிஞ்சி எடுக்குறாங்க. பல்லவன் கல்லுக்கே அந்த கதின்னா என் ரெட் ஆக்சைடு எந்த மூலைக்குய்யா?

இப்போ எல்லாத்தையும் இடிச்சுட்டு திருப்பி போடப் போறேன். வெளிர் கிரானைட், நெருப்புல காட்டி சொரசொரன்னு ஆக்கினது, ஈரக் கால் வழுக்காது. ஃப்ரேம் முக்கி எடுத்த ஜிஐ, இல்லாட்டி அலுமினியம். பிளாஸ்டிக் கலந்த பலகை போடுங்க சார் மெயிண்டனன்ஸே இல்லைன்னு ஒருத்தன் வந்தான். அடர் கலர்ல அதுவும் கொதிக்கும்பா, நீளவாக்குல விரியும்பா, இடைவெளி எவ்வளவு விடுவேன்னு கேட்டேன், "டைட்டா அடிச்சிருவோம் சார்"னான், அனுப்பி விட்டுட்டேன்.

நேத்து மூணாவது ஆள்கிட்ட இருந்து கொட்டேஷன் வந்துச்சு. முதல் வரியே எம்எஸ், அதே சாதா இரும்பு, ஃப்ரேம், ரெட் ஆக்சைடு ரெண்டு கோட். போன் போட்டு "தம்பி, ஞாயித்துக்கிழமை சைட் பார்க்க வந்தியே, அப்போ அங்க கடல் இருந்துச்சா?"ன்னு கேட்டேன். "இருந்துச்சு சார், செம வியூ"ன்னான்.

316 ஸ்க்ரூ பில்லோட, டெஸ்ட் சர்டிஃபிகேட்டோட தர்ற கடை சென்னையில எங்க இருக்குன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா, புண்ணியமா போகும். சொட்டு விட்டு பார்த்துட்டுதான் காசு கொடுப்பேன், அதை முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிடுங்க.