விளக்குப் பிடித்தவர்களுக்கு விமானம் வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை நேரலையைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றி எழுதுகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் பதிவைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் இணைப்பை இங்கே கொடுக்க எனக்கு மனமில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்சில் பிரிட்டிஷ் ரகசிய ஏஜெண்டுகள் எப்படி இறங்கினார்கள், எப்படித் தப்பினார்கள் என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். அந்த வயல்களில் விளக்குப் பிடித்து நின்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். “அவர்கள் எல்லாம் உள்ளூர் உதவிதான், கதைக்கு அவசியமில்லை” என்றார் பேச்சாளர். எழுபது பேர் அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருக்கிறார்கள். அவர்களில் சிலர் என் நண்பர்கள்.

கதைக்கு அவசியமில்லையா? இந்த ஏஜெண்டுகளை இறக்கி ஏற்றிய லைசாண்டர் என்பது ஒற்றை எஞ்சின் விமானம். விமானி ஒருவர், பின்னால் இரண்டு பேர், நெருக்கி உட்கார்ந்தால் மூன்று பேர். நிலவு வெளிச்சத்தில் ஆறுகளையும் ரயில் பாதைகளையும் பார்த்து வழி கண்டுபிடித்து வரவேண்டும். வந்து இறங்க ஓடுதளம் கிடையாது. குச்சியில் கட்டிய மூன்று டார்ச் விளக்குகள்தான் ஓடுதளம். முதல் விளக்கிலிருந்து 150 கெஜம் தள்ளி இரண்டாவது, அதற்குப் பக்கவாட்டில் 50 கெஜம் தள்ளி மூன்றாவது. கீழிருந்து மோர்ஸ் குறியீட்டில் சரியான எழுத்து மின்னாவிட்டால் விமானி இறங்காமல் திரும்பிவிட வேண்டும் என்பது விதி. அந்த வயலைத் தேர்ந்தெடுக்கப் பயிற்சி பெற்ற ஏஜெண்ட் ஒருவர் இருந்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வயல் யாருடையது? விளக்கை நட்டவர்கள் யார்? வந்தவரைச் சைக்கிளில் கூட்டிப்போய் அடுப்படியில் உட்காரவைத்துச் சூப் கொடுத்தது யார்?

1943 நவம்பரில் ராபின் ஹூப்பர் என்ற விமானியின் லைசாண்டர் சேற்றில் புதைந்துவிட்டது. ஊர்க்காரர்கள் மாடுகளைப் பூட்டி இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை. விமானத்தைக் கொளுத்திவிட்டு ஹூப்பரை ஒளித்து வைத்தார்கள். அடுத்த மாதம் இன்னொரு விமானம் வந்து அவரை ஏற்றிச் சென்றது. மாடு ஓட்டி வந்தவர்களை ஏற்றிப்போக எந்த விமானமும் வரவில்லை. மறுநாள் காலை எரிந்த இரும்புக் கூடு கிடக்கும் அதே ஊரில்தான் அவர்கள் கண் விழித்தார்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். ஏறிப் போனவர்களுக்கு விமானம் இருந்தது. விளக்குப் பிடித்தவர்களுக்கு இல்லை.

நான் பிரான்சில் லுவார் ஆற்றுப் பக்கம் குடியிருக்கிறேன் என்பது பலருக்குத் தெரியும். எங்கள் தெருவில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி இருக்கிறார். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அவருடைய அம்மா பிள்ளைகளைப் பின்னறையில் படுக்கவைத்து ஜன்னல் கதவுகளைத் தாழிட்டுவிடுவாராம். விடியும்போது அப்பா பூட்ஸில் ஒட்டிய களிமண்ணைக் கத்தியால் சுரண்டி அடுப்பில் போட்டுக்கொண்டிருப்பாராம். எந்த வயலின் மண் என்று எவரும் கேட்டுவிடக் கூடாது அல்லவா? சில வருடங்களுக்கு முன் பக்கத்தில் ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, என்னை வாசிக்கச் சொன்னார். விமானிகளின் பெயர்கள், ஏஜெண்டுகளின் பெயர்கள், தேதி எல்லாம் வாசித்தேன். முடிந்ததா என்று கேட்டார். முடிந்தது மதாம் என்றேன். இன்னொரு தடவை வாசியுங்கள் என்றார். வாசித்தேன். அவருடைய அப்பாவின் பெயர் இரண்டாவது தடவையும் அதில் இல்லை. அந்தச் சிரிப்புக் குறிகளைப் பார்த்தபோது எனக்கு இந்த மூதாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

“பெயர்கள் பதிவாகவில்லை, நாங்கள் என்ன செய்ய?” என்று கேட்பீர்கள். பதிவாகியிருக்கின்றன. எதிரி மண்ணில் சிக்கிய நேச நாட்டு விமானப்படையினரைத் தப்பவைத்தவர்களின் விவரங்களைத் திரட்டவே போருக்குப் பின் பாரிஸில் ஓர் அலுவலகம் இயங்கியது. அந்தக் கோப்புகள் இன்றும் ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. தேடிப் பார்க்காமல் “இல்லை” என்று சொல்லாதீர்கள்.

ஒரு பெயரை நானே சொல்கிறேன். பிரான்சியா உசாந்திசாகா. ஸ்பெயின் எல்லையருகே உருன்யே என்ற ஊரில் பண்ணை வீட்டில் வாழ்ந்த பாஸ்க் இனப் பெண். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்த்ரே த ஜோங் என்ற இளம்பெண் நடத்திய ‘கோமெத்’ தப்பிக்கும் வழியில், பிரனீஸ் மலையேறுவதற்கு முன் கடைசியாகத் தங்கும் வீடு இவருடையது. 1943 ஜனவரியில் நல்ல மழை. எல்லையில் ஓடும் பிதாசோவா ஆற்றில் வெள்ளம். கடக்க முடியாமல் மூன்று விமானப்படையினரோடு ஆந்த்ரே அந்த வீட்டில் தங்கினார். ஜெர்மானியர்கள் வந்து எல்லோரையும் பிடித்தார்கள். நான்தான் தலைவி என்று ஆந்த்ரே விசாரணையில் சொன்னபோது அவர்கள் நம்பவே இல்லை. அவர் ராவென்ஸ்ப்ரூக், மவுத்ஹவுசன் என்ற நாஜி வதைமுகாம்களைத் தாண்டி உயிரோடு திரும்பினார். பிரான்சியா ராவென்ஸ்ப்ரூக்கிலேயே இறந்தார்.

பிடிபட்ட விமானப்படை வீரர் போர்க்கைதி. அவருக்கு ஜெனீவா ஒப்பந்தம் இருந்தது. அவருக்கு இடம் கொடுத்தவருக்கு என்ன இருந்தது? 1941 செப்டம்பரிலேயே ஜெர்மானியர்கள் சுவரொட்டி ஒட்டிவிட்டார்கள். உதவும் ஆண்கள் உடனே சுட்டுக் கொல்லப்படுவார்கள், பெண்கள் ஜெர்மனியில் உள்ள முகாம்களுக்கு அனுப்பப்படுவார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் அவர்கள் கதவைத் திறந்தார்கள். இதையா அவசியமில்லை என்கிறீர்கள்?

“ஊர்க்காரர்களில் காட்டிக்கொடுத்தவர்களும் உண்டே” என்று ஒருவர் உள்பெட்டியில் வந்து சொல்கிறார். உண்டு. ஏஜெண்டுகளிலும் உண்டு. பிரான்சின் ஆன்ழே நகரருகே விமானங்களை வரவேற்ற ஆன்ரி தெரிகூரே ஜெர்மானிய உளவுத் துறையோடு தொடர்பில் இருந்தவர்தான். 1948இல் ராணுவ நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, சந்தேகம் இன்றும் தீரவில்லை.

பிரிட்டிஷ் ஏஜெண்டாகப் பிரான்சில் ரகசிய வானொலி இயக்கிய நூர் இனாயத் கானை நான் சிறுமைப்படுத்துகிறேன் என்று எழுதியவருக்குத்தான் என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. திப்பு சுல்தானின் வழிவந்தவர் என்பதால் நீங்கள் நூரை வருடா வருடம் பகிர்கிறீர்கள். பகிருங்கள். 1943 ஜூனில் அந்தத் தெரிகூரே வரவேற்ற விமானத்தில்தான் அவர் இறங்கினார். சில நாட்களிலேயே பாரிஸில் இயங்கிய ஏஜெண்டுகளின் வலையமைப்பு சிதைந்தது. திரும்பி வா என்று லண்டன் அழைத்தும் வர மறுத்தார். அக்டோபரில் பிடிபட்டபின் இருமுறை தப்ப முயன்றார். பாரிஸில் ஜெர்மானிய உளவுத் துறை கைதிகளை வைத்திருந்த ஃபோஷ் அவென்யூ கட்டடத்தில் கூரை வழியே வெளியேறிய இரவில் விமானத் தாக்குதல் சங்கு ஒலித்தது, காவலர்கள் அறைகளைச் சோதித்தார்கள், அகப்பட்டுக்கொண்டார். இனித் தப்ப மாட்டேன் என்று கையெழுத்துப் போட மறுத்ததால் ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் பத்து மாதம் சங்கிலியில் கிடந்தார். 1944 செப்டம்பரில் டாகாவ் முகாமில் சுட்டுக் கொன்றார்கள். இதை எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது. நானா சிறுமைப்படுத்துகிறேன்?

அந்த நான்கு மாதமும் நூர் தன் வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாறினார். அந்த வீடுகளுக்குக் கதவு இருந்தது. அந்தக் கதவைத் திறக்க ஒருவர் இருந்தார். நூரை நேசிப்பவர் அவரை எப்படித் தள்ளிவிட முடியும்?

“பிரெஞ்சுக்காரருக்கு வக்காலத்து வாங்குகிறாய்” என்று எழுதிய நண்பரே, பதினைந்து வருடப் பழக்கத்தில் நீங்கள் என்னைப் புரிந்துகொண்டது இவ்வளவுதானா? வேறு யார் சொல்லியிருந்தாலும் கடந்து போயிருப்பேன்.

அடுத்த நேரலை தப்பிக்கும் வழிகளைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறார்கள். பிரான்சியாவைப் பற்றிய குறிப்புகளைப் பேச்சாளருக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். அவர் இன்னும் திறந்து பார்க்கவில்லை.