எங்கள் புளோக் கீழே ஏற்கெனவே ஒருவர் படுத்திருக்கிறார்

மூன்று நாளாக, சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். பக்கத்து மண்டபத்தை இரவில் வீடில்லாதவர்கள் படுக்கத் திறந்துவிடலாமா என்று ஒரு தொண்டுக் குழு கேட்டிருக்கிறது. ஒன்பது மணியிலிருந்து காலை ஏழு வரை, அதிகம் போனால் இருபது பேர். வேண்டாம் என்று உடனே மனு தயார். நேற்று எதிர்வீட்டு அக்கா கையெழுத்துக்கு வந்தார். "தம்பி, நம்ம வீட்ல பொம்பளப் பிள்ளைங்க இருக்கு" என்றார். நான் போடவில்லை. தீபாவளிக்கு முறுக்குத் தட்டு போய்வரும் வீடு அது. வாசலில் நின்று காரணம் சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

எனக்கு வாரத்தில் நான்கு நாள் அதிகாலை வேலை. ஐந்து மணிக்கு முன்பே இறங்கிவிடுவேன். மின்தூக்கிக்கு வலப்பக்கம், சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசைக்குப் பின்னால் ஒரு சீனப் பெரியவர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்துப் படுத்திருப்பார். சப்பாத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, மேலே துண்டை மடித்துத் தலைக்கு வைத்திருப்பார். சப்பாத்து காணாமல் போனால் அன்றைக்கு வேலைக்குப் போக முடியாதாம். ஆமாம், வேலை பார்க்கிறார். நாமெல்லாம் சாப்பிட்டு எழுந்துபோகும் காப்பிக்கடையில் தட்டு எடுப்பவர் அவர்.

ஒரு நாள் தே ஓ, அதாவது பால் இல்லாத தேநீர், வாங்கிக் கொடுத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பேசினேன். மணமுறிவு, வீட்டை விற்றாயிற்று. பிறகு முன்பின் தெரியாத ஒருவரோடு ஓரறை வாடகை வீடு. கூட இருந்தவரோடு ஓயாத சண்டை. தெருவே நிம்மதி என்று வந்துவிட்டார். தனியாள் அரசாங்க வாடகை வீடு கேட்டால் இன்னொருவரோடு சேர்ந்துதான் பெரும்பாலும் கிடைக்கும். அந்த ஏற்பாடு எல்லாருக்கும் ஒத்துவருவதில்லை.

இவர் ஒருவர் கதை என்று நினைக்காதீர்கள். லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளி 2019இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் வெளியே படுப்பவர்கள் 921 முதல் 1,050 பேர். பலர் வேலைக்குப் போகிறவர்கள். 2021இல் தெருவில் இருந்தவர்கள் 616 ஆகக் குறைந்தார்கள். எப்படி? கொவிட் சமயத்தில் தங்க இடம் திறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு 420 பேர் உள்ளே படுத்தார்கள், 2019இல் அது வெறும் 65. கதவைத் திறந்தால் வருகிறார்கள். இதைவிடத் தெளிவாக யார் என்ன சொல்ல வேண்டும்?

இப்படி எதிர்ப்பதும் இங்கே புதிதல்ல. 2008இல் செராங்கூன் கார்டன்ஸில் வெளிநாட்டு ஊழியர் விடுதி வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஆள் எண்ணிக்கையைக் குறைத்து, தனிப்பாதை போட்டு, விடுதி வரத்தான் செய்தது. 2012இல் உட்லண்ட்ஸில் முதியோர் பராமரிப்பு நிலையத்துக்கே எதிர்ப்பு. முதியோருக்கு! வீட்டு விலை இறங்கும், பிள்ளைகளுக்கு ஆபத்து என்று அப்போதும் இதே பேச்சு.

அக்காவின் பயத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. என் மகளும் டியூஷன் முடிந்து ஒன்பதரைக்குத்தான் வருகிறாள். ஆனால் யோசித்துப் பாருங்கள். இப்போது இருட்டுக்குள் யார் எங்கே படுத்திருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. மண்டபம் திறந்தால் விளக்கு எரியும், தொண்டூழியர் இருப்பார், வருகிறவரின் பெயர் தெரியும். சமூக சேவையாளர் உட்கார்ந்து பேசி, வாடகை வீட்டுக்கு வழி பார்ப்பார். நமக்கு எது பாதுகாப்பு?

அதனால் கேட்க வேண்டியதைக் கேட்போம். இரவு முழுக்க ஆள் இருக்க வேண்டும், பின்பக்க நடைபாதைக்கு விளக்கு வேண்டும், ஏதாவது பிரச்சினை என்றால் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும். இதெல்லாம் நியாயம். மனுவில் இவை ஒன்றுகூட இல்லை, "வேண்டாம்" மட்டும்தான் இருக்கிறது.

வியாழன் இரவு எட்டு மணிக்குக் கூட்டம். நான் போய்ப் பேசப்போகிறேன். அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு நாள் காலையில் என்னோடு கீழே வாருங்கள் என்றேன். பார்ப்போம் என்றார்.