சும்மா உட்கார்ந்திருந்தாரா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத் அரசியைப் பற்றி நான் பேச ஆரம்பித்ததுமே நண்பர் மைக்கை வாங்கி, “எழுபது வருஷம் சும்மா உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதைத் தவிர என்ன செய்தார்?” என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. அங்கே என்னைப் பேசவிடவில்லை. இங்கே பேசுகிறேன்.

சும்மா உட்காரவில்லை. பிடிக்காதவர்களோடு எழுபது வருஷம் உட்கார்ந்திருந்தார். இரண்டும் ஒன்றல்ல.

1952 பிப்ரவரியில் பட்டத்துக்கு வந்தபோது பிரதமர் சர்ச்சில், 1874-ல் பிறந்தவர். 2022 செப்டம்பர் 6-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் பால்மோரல் மாளிகையில் அரசி கடைசியாகப் பதவியில் அமர்த்திய லிஸ் டிரஸ் 1975-ல் பிறந்தவர். அதற்கு இரண்டு நாள் கழித்து அரசி இறந்தார். இடையில் வந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 15 பிரதமர்கள். 11 பேர் வலதுசாரிக் கன்சர்வேட்டிவ் கட்சி, 4 பேர் தொழிலாளர் கட்சியான லேபர். ஒருவர் கட்டியதை இன்னொருவர் இடித்தார். ஒருவர் அரசுடைமை ஆக்கியதை அடுத்தவர் விற்றார். பதவியில் இருக்கும் பிரதமர் வாரம் ஒருமுறை அரசி எதிரில் வந்து உட்கார்ந்து பேசுவார். அறையில் மூன்றாவது ஆள் கிடையாது, குறிப்பு எடுப்பதும் கிடையாது. அங்கே பேசியதை அரசி வெளியே சொன்னதில்லை. எழுபது வருஷம்!

இது வேலை இல்லையா? பிரதமராக இருந்த ஹரால்டு வில்சனைக் கேட்டிருந்தால் தெரியும். லேபர் கட்சிக்காரர், அரண்மனை வட்டத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அரசியைப் பார்க்கப் போகும் முன் வீட்டுப்பாடம் படித்துவிட்டுப் போ என்றுதான் தனக்கு அடுத்து வருகிறவருக்குச் சொல்வேன் என்றார் அவர். காகிதங்களைப் பிரதமருக்கு முன்பே அரசி படித்து முடித்திருப்பார். 1976-ல் வில்சன் பதவி விலகியபோது பிரதமர் வீடு இருக்கும் டவுனிங் தெருவுக்கே அரசி விருந்துக்குப் போனார். அதற்கு முன் அந்த மரியாதை சர்ச்சிலுக்குத்தான் கிடைத்தது.

கன்சர்வேட்டிவ் பிரதமர் தாட்சர் கதையும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடை வேண்டாம் என்று தாட்சர் அடம்பிடித்தார். அரசி தலைமை வகித்த காமன்வெல்த் நாடுகள் கொதித்தன. பிரதமர் மேல் அரசிக்கு அதிருப்தி என்று 1986-ல் ஒரு லண்டன் ஞாயிறு செய்தித்தாள் முதல் பக்கத்தில் போட்டது. அரண்மனை மறுத்தது. உள்ளே என்ன நினைத்தாரோ, 2013-ல் தாட்சரின் இறுதிச்சடங்குக்கு நேரில் போனார். பிரதமர்களில் சர்ச்சிலுக்கு மட்டுமே அதற்குமுன் அப்படிப் போயிருந்தார்.

சரி, இவர்களெல்லாம் ஒரே நாட்டுக்காரர்கள், கோட்டு சூட்டுக்காரர்கள் என்று சொல்வீர்கள். அப்படியானால் மார்ட்டின் மெக்கின்னஸ்?

1979 ஆகஸ்டில் அயர்லாந்தின் மல்லாமோர் கடலில் படகில் குண்டு வைத்து மவுண்ட்பேட்டனைக் கொன்றது, பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் எதிர்த்த ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து அமைப்பு. மவுண்ட்பேட்டன் நம் நாட்டின் கடைசி வைஸ்ராய், அரசியின் கணவருக்குத் தாய்மாமன். படகில் இருந்த 14 வயதுப் பேரனும் செத்தான், வேலைக்கு வந்த 15 வயது உள்ளூர்ப் பையனும் செத்தான். அந்த ஐ.ஆர்.ஏ.வில் டெர்ரி நகரத் தளபதியாக இருந்து, பிறகு வட அயர்லாந்தின் துணை முதல்வரானவர் மெக்கின்னஸ். 2012 ஜூன் 27, பெல்ஃபாஸ்ட் லிரிக் தியேட்டர். வெளிர் பச்சைக் கோட்டு, வெள்ளைக் கையுறை, 86 வயது. அரசி கையை நீட்டினார். மெக்கின்னஸும் நீட்டினார். முதலில் கேமரா இல்லாமல், அப்புறம் உலகமே பார்க்க. அதற்கு முந்தைய வருஷம் டப்ளினில், பிரிட்டனை எதிர்த்துச் செத்தவர்களின் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்துத் தலை குனிந்ததும் இதே அம்மாதான். இதைச் “சும்மா” என்றால், நாம் செய்கிற எதைத்தான் வேலை என்று சொல்வது?

எனக்கு ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், என் அப்பா பேரூராட்சி அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்தார். இரண்டு கட்சித் தலைவர்களும் மாறி மாறி வந்தார்கள். இருவரிடமும் ஒரே மாதிரி எழுந்து நின்று, விதி என்ன சொல்கிறது என்று ஃபைலைப் புரட்டிக் காட்டுவார். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று அம்மாவுக்கே தெரியாது. பலன்? இவர்கள் ஆட்சியில் “அவர்கள் ஆள்”, அவர்கள் ஆட்சியில் “இவர்கள் ஆள்”. இரண்டு பக்கமும் தூக்கி அடித்தார்கள். சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, “முதுகெலும்பு இல்லாத மனுஷன்” என்றார்கள். பக்கத்து அறையில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டபோது அதே வார்த்தைதான் காதில் விழுந்தது.

முடியாட்சிக்கு வக்காலத்து வாங்குகிறாய் என்று உடனே வருவார்கள். வாங்கவில்லை. பிறப்பால் பதவி வருவது எனக்கும் ஒப்பாது. ஜாலியன் வாலாபாக்? 1997-ல் செருப்பைக் கழற்றிவிட்டு மலர்வளையம் வைத்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சொத்து விவரம் வெளியே தெரியாமலிருக்க 1973-ல் ஒரு மசோதாவையே மாற்ற அவர் தரப்பு நெருக்கியதாக கார்டியன் நாளிதழ் எழுதியது. அது உண்மையென்றால் தப்பு. இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

2019-ஐ எடுத்து வராதவர் யார்! பிரதமர் போரிஸ் ஜான்சன் பாராளுமன்றத்தை முடக்கச் சொன்னார், அரசி ஒப்புதல் கொடுத்தார். பிறகு பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் வழக்கைக் கேட்ட 11 நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். “பார், ரப்பர் ஸ்டாம்ப்!” என்கிறீர்கள். நான் கேட்கிறேன், அன்று அரசி முடியாது என்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? ஓட்டு வாங்காத கிழவி, பிரதமரின் ஆலோசனையைத் தட்டிக் கழிக்க யார் என்று இதே வாய்தானே கேட்டிருக்கும்? போட்டாலும் குற்றம், போடாவிட்டாலும் குற்றம். என் அப்பாவுக்கு நடந்ததும் இதுதான். தவறு, சட்டவிரோதமான ஆலோசனையைக் கொடுத்த பிரதமருடையது. தீர்ப்பும் அந்த ஆலோசனையைத்தான் சட்டவிரோதம் என்றது. படித்துவிட்டு வாருங்கள்.

நண்பருக்குக் கடைசியாக ஒன்று. உங்களுக்கு மாற்றுக் கட்சிக்காரர் ஒருவர் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாலே எழுந்து வேறு வரிசைக்குப் போகிறீர்கள். போன மாதம் நானே பார்த்தேன். அடுத்த கூட்டத்தில் மைக் என் கையில் இருக்கும்போது முழுதாகப் பேசி முடிக்க விடுங்கள். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள், நான் உட்கார்ந்து கேட்கிறேன்.