நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை?

"கடலுக்கடியில் ஆயிரக்கணக்கில் பவளம் நடப்பட்டது" என்று செய்தி வந்தால் ஷேர் பறக்கிறது. அடுத்த கோடை முடிந்தபின் அதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பவளப்பாறைகளில் வேலை செய்கிறவர்களின் உழைப்பில் பெரும்பகுதி அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் போகிறது.

மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள். அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்குள். சுண்ணாம்புக்காகப் பவளக்கல்லை வெட்டி அள்ளியதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2002 முதல் இங்கே பவளம் நட்டுவருகிறது.

நடுவது கேட்க எளிது. தாய்ப் பவளத்திலிருந்து எட்டுப் பத்து சென்டிமீட்டர் துண்டை கட்டர் வைத்து நறுக்க வேண்டும். ஒரு தாயிடம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கை வைக்காமல் இருப்பது நல்லது. அலை ஒடித்துப் போட்ட துண்டு கிடைத்தால் இன்னும் உத்தமம், அது மணலில் உருண்டு எப்படியும் சாகப்போவதுதான். வெயில் படாமல், தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொண்டுபோய் சிமெண்ட் பலகையில் கேபிள் டை போட்டுக் கட்டுவார்கள். பல துண்டுகள் கெடுவது இந்தக் கட்டில்தான். டை கொஞ்சம் தளர்ந்தாலும் அலைக்கு அலை துண்டு ஆடும். ஆட ஆட, கல் போன்ற எலும்பை மூடியிருக்கும் மெல்லிய சதை அடிப்பக்கத்தில் தேயும், அந்தப் புண்ணில் பாசி ஏறும், பிறகு ஒட்டவே ஒட்டாது. இறுக்கமாகக் கட்டியது கீழே சதையைப் படரவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்ச நாளில் டையையே தனக்குள் மூடிவிடும்.

பலகையைத் தரையோடு தரையாகப் போட்டால் வேறு வினை. தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் தென்கடல் கலங்கி, கிளம்பிய சேறு அப்படியே துண்டுகள் மேல் படியும். அதனால்தான் அடியில் சட்டகம் வைத்து உயர்த்துகிறார்கள். புது சிமெண்டில் முதலில் குடியேறுவதும் பாசிதான். பிரஷ் எடுத்துத் தேய்க்க ஆள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நடுவதற்கு நிதி கிடைத்துவிடும். தேய்ப்பதற்கு யார் தருகிறார்கள்?

அடுத்தது கணக்கெடுப்பு. 20 மீட்டர் டேப்பை விரித்து, அதன் கீழே ஒவ்வொரு சென்டிமீட்டரிலும் என்ன இருக்கிறது என்று கையிலுள்ள எழுதுபலகையில் பென்சிலால் எழுதுவார்கள். உயிர்ப்பவளம் 460 சென்டிமீட்டர் என்றால் 23 சதவீதம். டேப் தொய்ந்தால் கணக்கு தப்பு. கம்பி அடித்துக் குறித்த அதே இடத்துக்குத் திரும்பிப் போகாவிட்டாலும் தப்பு. அழகான இடமாகப் பார்த்து விரித்தால் சதவீதமும் அழகாகத்தான் வரும்!

வெளுத்தது வேறு, செத்தது வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். சதைக்குள் குடியிருந்து சோறு போடும் நுண்பாசி சூட்டில் வெளியேறிவிட்டால், கண்ணாடி போன்ற சதை வழியே வெள்ளை எலும்பு தெரியும். முகத்தை அருகே கொண்டுபோனால் சதையின் வழவழப்பு தெரியும், சிலவற்றில் உணர்கொம்புகள் அசைவதும் தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் நிறம் திரும்பலாம். செத்ததில் குழிகள் காலியாக, விளிம்பு கூராக இருக்கும். சில நாட்களில் மஞ்சள்பச்சையாகப் பாசி மூடிவிடும். வெளுத்ததையெல்லாம் அழிந்துவிட்டதாக எழுதுகிற செய்திகள் இந்த வித்தியாசத்தைத் தொடுவதே இல்லை.

2016 கோடைச் சூட்டில் மன்னார் வளைகுடாவின் உயிர்ப்பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7-க்கு இறங்கியது. அதிகம் செத்தவை அக்ரோபோரா, மான்டிபோரா என்ற பவள வகைகள். வேகமாக வளர்கின்றன என்று நாம் விரும்பி நடுவதும் பெரும்பாலும் இவற்றைத்தான். ஃப்ளோரிடாவில் 2023 ஜூலையில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. வருடக்கணக்காக நட்டு வளர்த்தவை சில வாரங்களில் போயின, நர்சரிப் பவளங்களை அவசரமாகக் கரையிலுள்ள தொட்டிகளுக்குத் தூக்கிவந்தார்கள்.

ஒரே தாயிலிருந்து ஆயிரம் துண்டு நறுக்கினால் ஆயிரமும் ஒரே உயிரின் நகல். ஒன்றைக் கொல்லும் சூடு மற்றதையும் விடாது. ஆகவே எத்தனை தாய்களிலிருந்து எடுத்தார்கள் என்பது எத்தனை நட்டார்கள் என்பதைவிட எனக்கு முக்கியம். போரைட்டஸ் மாதிரி மெதுவாக வளர்ந்து சூடு தாங்குவதையும் கலந்து நட வேண்டும். படத்துக்கு அது எடுபடாது, உருண்டைக் கல் மாதிரிதான் இருக்கும். இருக்கட்டுமே.

மார்ச் பௌர்ணமியை ஒட்டி இங்குள்ள அக்ரோபோரா முட்டையிடும். மிதக்கும் குஞ்சுகளில் சில இந்தப் பலகைகளிலேயே இறங்கி ஒட்டிக்கொள்ளும், அதுவும் பெரும்பாலும் இடுக்கிலும் அடிப்பக்கத்திலும். ஆரம்பத்தில் குண்டூசித் தலையளவுகூட இருக்காது. யாரும் நடாத பவளம் அது. அதை எண்ணுவதற்காகத்தான் பலகையின் அடியில் தலையைக் கொடுத்து டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.