பச்சை வந்தா சேஃப்னு யாரு சொன்னா?
இங்க ஒருத்தர், கட்டட டிசைன் சாஃப்ட்வேர்ல எல்லா மெம்பரும் (பீம், தூண் மாதிரி பாகங்கள்) பச்சையா வந்தா டிசைன் ஓவர், கைக்கணக்கு பரீட்சைக்கு மட்டும்தான்னு போட்டிருக்காரு, புதுசா கத்துக்கறவங்க தயவுசெஞ்சு நம்பிடாதீங்க. பச்சைன்னா நீங்க குடுத்த மாடல், நீங்க குடுத்த லோடு, அதுக்கு செக் பாஸ், அவ்ளோதான். மாடலே தப்புன்னா அதுக்கு எப்படிங்க தெரியும்?

நார்வேல ஸ்லைப்னர் ஏ-ன்னு கடல்ல நிக்கற ஒரு கான்கிரீட் பிளாட்ஃபார்ம் 1991 ஆகஸ்ட்ல மூழ்குச்சே, அதுல ஃபைனைட் எலிமென்ட் மாடல் (அமைப்ப சின்னச் சின்னத் துண்டா பிரிச்சு கணக்குப் போடுறது) சரியில்லாம ஷியர் ஸ்ட்ரெஸ்ஸ (வெட்டுற மாதிரி வர்ற அழுத்தத்த) 47 சதவீதம் கம்மியா காட்டிருச்சு, கம்பி டீட்டெயிலிங்கும் அங்க பத்தல. அப்புறம் அதே முறையில கவனமா போட்டுப் பாத்தா 62 மீட்டர் தண்ணி ஆழத்துல உடையும்னு வந்துச்சு, நிஜத்துல உடைஞ்சது 65ல! டூல் மேல தப்பில்ல, ஓட்டினவங்க சரிபாக்கல.

சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு முடிஞ்சதும் மொத்த ரியாக்‌ஷன் (சப்போர்ட் திருப்பித் தாங்குற விசை) நீங்க தனியா கூட்டின லோடோட ஒத்துப்போகுதான்னு பாருங்க, செல்ஃப் வெயிட் (அமைப்போட சொந்த எடை) விட்டுப்போயிருந்தா அங்கயே மாட்டிக்கும். அப்புறம் சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம்ல (ரெண்டு முனையும் சுழல முடியுற மாதிரி சும்மா தாங்கியிருக்கறது) சீரான லோடுக்கு நடு மொமென்ட் (வளைக்கிற விசையோட அளவு) டபிள்யூ எல் ஸ்கொயர் பை 8 வரணும் (டபிள்யூ மீட்டருக்கான லோடு, எல் நீளம்), பை 24 கிட்ட வந்தா ரிலீஸ் (முனை சுழலலாம்னு மாடல்ல சொல்றது) குடுக்க மறந்து ரெண்டு முனையும் ஃபிக்ஸ்டா ஓடியிருக்குன்னு அர்த்தம். ரெண்டு நிமிஷ வேலைங்க இது.