வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தால் பெற்றோருக்குச் சிறையா?

"பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டில் படிக்கவைத்தால் கல்வி உரிமைச் சட்டப்படி பெற்றோருக்குச் சிறை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை.

2009இல் இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. கதைப் புத்தகம், களிமண் பொம்மை, தோட்டத்தில் எறும்பு வரிசை பார்ப்பது என்று நாலு வயதுக் குழந்தை வீட்டில் கற்றால், அதற்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ஆறு வயதுக்கு மேல்தான் கொஞ்சம் சிக்கல். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று பிரிவு 10 சொல்கிறது. ஆகவே 'வீட்டுக்கல்விக்குச் சட்டமே அனுமதி தந்திருக்கிறது' என்று எதிர்த்தரப்பு சொல்வதும் மிகைதான். ஆனால் அந்தக் கடமையை மீறும் பெற்றோருக்குச் சிறையோ அபராதமோ இந்தச் சட்டத்தில் சொல்லப்படவில்லை. பிரிவு 18இல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அது அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்துபவர்களுக்கு. வதந்திக்கு விதை அங்கே விழுந்திருக்கலாம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்துக் கட்டணம் வாங்கிப் பள்ளி மாதிரியே நடத்துபவர்கள்தான் அதைக் கவனிக்க வேண்டும்.

"பத்தாம் வகுப்பே எழுத முடியாது" என்பதும் தவறு. 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் வழியாக 14 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். சரி, நடுவில் பள்ளிக்குப் போக ஆசை வந்தால்? வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள பிரிவு 4 வழிசெய்கிறது.