முதலில் அதை ஒழுங்காக முடித்து வைப்போம்

தோல்வி என்று பேச்செடுத்தாலே நமக்கு ஜெயித்தவர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். நூற்றுக்கணக்கான முறை தோற்ற பிறகு சாதித்த விஞ்ஞானி, சொந்தக் கம்பெனியிலிருந்தே வெளியேற்றப்பட்டு அதற்கே தலைவராகத் திரும்பி வந்தவர். தொழில் நொடித்துப் போய் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தக் கதைகளைத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைக்கிறோம். நல்லெண்ணத்தில்தான் அனுப்புகிறோம். ஆனால் அவை அவருக்குப் பெரும்பாலும் உதவுவதில்லை என்பது என் கருத்து. ஏன் அப்படி நினைக்கிறேன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது, குண்டடி பட்டும் திரும்பி வந்த விமானங்களின் சேதங்களை வைத்து எந்தப் பாகம் அதிக ஆபத்தானது என்று கண்டுபிடிக்கும் வேலை ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் அறிஞரிடம் வந்தது. திரும்பி வந்தவற்றை மட்டும் பார்த்தால் முடிவு தப்பாகிவிடும், விழுந்து நொறுங்கியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று அதற்கு ஒரு முறையை வகுத்தார். நாம் பகிரும் வெற்றிக் கதைகள் எல்லாம் திரும்பி வந்த விமானங்கள். அதே அளவு உழைத்து, அதே பிடிவாதத்தோடு நின்று, திரும்பி வராமல் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதனால் 'விடாமல் நின்றால் ஜெயிக்கலாம்' என்பது மட்டும் காதில் விழுகிறது. சரியான நேரத்தில் விட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்ற கதை காதுக்கு வருவதே இல்லை.

மூடுவது ஒன்றும் அதிசயமான விஷயமும் கிடையாது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் கணக்குப்படி, புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மூடப்படுகிறது. ஐந்து வருடம் தாக்குப்பிடிப்பவை சுமார் பாதி. வருடா வருடம் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

'தோல்விதான் வெற்றிக்கு முதல் படி' என்கிறோமே, அதுவும் தானாக நடப்பதில்லை. ஹார்வர்டைச் சேர்ந்த பால் காம்பர்ஸும் சக ஆய்வாளர்களும் முதலீட்டாளர்களின் பணத்தில் தொடங்கப்பட்ட நிறுவனங்களை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஏற்கெனவே ஒரு முறை ஜெயித்தவர் அடுத்த தொழிலிலும் ஜெயிக்கும் வாய்ப்பு 30 சதவீதம் அளவில் இருந்தது. முதன்முறை தொடங்குபவருக்கு 18 சதவீதம். ஏற்கெனவே தோற்றவருக்கு? 20 சதவீதம். அவ்வளவு அடிபட்டதற்குக் கிடைத்த கூடுதல் வெறும் இரண்டு புள்ளி. தோற்றாலே பாடம் கிடைத்துவிடும் என்றால் அந்த எண் இவ்வளவு சின்னதாக இருக்காது.

ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு ஒரு விடை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் லாரன் எஸ்க்ரைஸ்-விங்க்லரும் அயலெட் ஃபிஷ்பாக்கும் 2019இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. ஒரு கேள்விக்குச் சொன்ன பதில் சரி என்று தெரிந்தவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். தவறு என்று தெரிந்தவர்களுக்கும் அதே அளவு தகவல் கிடைத்தது, ஆனாலும் குறைவாகத்தான் கற்றுக்கொண்டார்கள். சுயமரியாதையில் அடிபட்டதும் கவனம் விலகிவிடுகிறது. அதே தவறை இன்னொருவர் செய்து அதைப் பார்த்தபோது மட்டும் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். புத்தியில் குறை இல்லை. வலிக்கும் இடத்தைப் பார்க்க மனம் மறுக்கிறது.

ஆகவே மீண்டு வருவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் முடித்து வைப்பதைப் பற்றிப் பேச வேண்டும். நின்றுபோன தொழிலை முறையாக முடிக்காமல், கணக்கைப் பார்க்காமல், யாரிடமும் வாய் திறந்து சொல்லாமல் அடுத்ததற்கு ஓடுபவர்கள் பழசையும் தோளில் தூக்கிக்கொண்டே ஓடுகிறார்கள். இப்படி எத்தனையோ பேரைப் பார்க்கிறேன். அடுத்த தொழிலின் வருமானம் முந்தைய தொழிலின் வட்டிக்கே போகிறது. பேசுவதெல்லாம் பழைய பங்காளியைப் பற்றியே இருக்கிறது.

முடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? உளவியல் அறிஞர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதியது இன்றைக்கும் பொருந்துகிறது: ஒரு தொகை கையை விட்டுப் போவதன் வலி, அதே தொகை கைக்கு வருவதன் சந்தோஷத்தைவிட அதிகம். அவர்கள் பிற்பாடு போட்ட கணக்கில் இது சுமார் இரண்டு மடங்கு. தொழிலை மூடாத வரை நஷ்டம் இன்னும் நஷ்டமாகவில்லை என்று மனம் நம்புகிறது. மூடினால் உறுதியாகிவிடும். அதனால் இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு கடன், இன்னும் ஒரு நகை.

'இவ்வளவு போட்டுவிட்டோமே' என்பது அடுத்த பொறி. ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் ப்ளூமரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இது எவ்வளவு சின்ன விஷயத்திலும் வேலை செய்கிறது என்று காட்டியது. ஒரு நாடக அரங்கில் சீசன் டிக்கெட் வாங்கியவர்களில் சிலருக்கு மட்டும், அவர்கள் கேட்காமலேயே, தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள்தான் சீசனின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகமும் அதுதான், இருக்கையும் அதுதான். கொடுத்த காசுதான் அவர்களை இழுத்து வந்தது. நாடக டிக்கெட்டுக்கே இப்படி என்றால், பத்து வருட உழைப்பும் சொந்தக்காரர்களின் சேமிப்பும் போட்ட தொழிலை விட்டு நகர்வது எவ்வளவு சிரமம்! பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து கட்டிய கான்கார்ட் விமானத்திலும் நடந்தது இதுதான். செலவு போட்ட மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டிய பிறகும் திட்டத்தை நிறுத்தவில்லை. கடைசியில் விமான நிறுவனங்களின் சேவைக்குப் போனவை 14 மட்டுமே. 2003இல் அவையும் ஓய்ந்தன.

இந்தப் பொறியிலிருந்து வெளியே வர எனக்குத் தெரிந்த நல்ல வழி, இன்டெல் நிறுவனத்தில் 1985இல் நடந்த ஓர் உரையாடலில் இருக்கிறது. நினைவகச் சிப் செய்துதான் அந்த நிறுவனம் பெயர் வாங்கியிருந்தது. ஜப்பானிய நிறுவனங்கள் அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டன. ஒரு வருடமாகத் தத்தளித்தார்கள். அப்போது நிறுவனத்தை நடத்திவந்த இருவரில் ஒருவரான ஆண்டி குரோவ், மற்றவரான கார்டன் மூரிடம் ஒரு கேள்வி கேட்டார்: நம்மைத் தூக்கிவிட்டு வேறு ஒருவரைத் தலைவராகக் கொண்டு வந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகச் சிப் தொழிலை விட்டுவிடுவார் என்று மூர் உடனே சொன்னார். அப்படியானால் அதை நாமே ஏன் செய்யக் கூடாது என்றார் குரோவ். செய்தார்கள். மறுவருடம் பெரிய நஷ்டம் வந்தது, நிறையப் பேருக்கு வேலையும் போனது. ஆனால் கணினியின் மூளையாக வேலை செய்யும் நுண்செயலி பக்கம் முழுக் கவனம் திரும்பியது அதற்குப் பிறகுதான். இந்தக் கேள்வியை யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். இந்தத் தொழிலை இன்றைக்குப் புதிதாக ஒருவர் கையில் கொடுத்தால், நம் உழைப்பும் கண்ணீரும் தெரியாத அவர், நடத்துவாரா, மூடுவாரா?

சரி, மூடுவது என்று முடிவாகிவிட்டது. இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கதவைப் பூட்டிவிட்டு, போனை அணைத்துவிட்டு, கொஞ்ச நாள் யார் கண்ணிலும் படாமல் இருக்கலாம் என்று நினைக்கிறார்கள். பூட்டியதால் கம்பெனி முடிந்துவிடாது. பதிவுகளை ரத்து செய்யாவிட்டால் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்களும் அவற்றுக்கான அபராதமும் பல நாடுகளில் ஏறிக்கொண்டே போகும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று ஒரே தாளில் எழுதியாக வேண்டும். கைமாற்றாக வாங்கியதையும் அதில் சேர்க்க வேண்டும், அதுதான் முக்கியமாக விட்டுப்போகும். வேலை செய்தவர்களுக்கு வதந்தி போய்ச் சேர்வதற்கு முன்னால் முதலாளியின் வாயால் செய்தி போக வேண்டும். அவர்கள் சம்பளம்தான் முதல் கடன் என்று நான் நினைக்கிறேன். சரக்கு கொடுத்தவர்களிடம் 'இவ்வளவுதான் முடியும், இத்தனை மாதம் வேண்டும்' என்று நேரில் போய்ச் சொன்னால் பாதிப் பேராவது ஒத்துக்கொள்வார்கள். ஒளிந்தால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், ஜாமீன் கையெழுத்துகளைத் தேடிப் பார்க்க வேண்டும். கம்பெனி வரையறுக்கப்பட்ட பொறுப்பு கொண்டதாக, அதாவது போட்ட முதலுக்கு மேல் நஷ்டம் உங்களைத் தொடாததாக இருந்தாலும், வங்கிக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் போட்ட கையெழுத்து வீடு வரைக்கும் வந்து நிற்கும்.

அந்த வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்பதே மனித சமூகம் தோற்றவர்களுக்காகச் செய்து வைத்த பெரிய ஏற்பாடு. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் கடன் கட்ட முடியாதவரைச் சிறையில் போட்டார்கள். உள்ளே இருப்பவர் எப்படிச் சம்பாதித்துக் கட்டுவார் என்று யாரும் யோசிக்கவில்லை. 1855இல் வந்த சட்டம், கம்பெனியில் முதல் போட்டவரின் நஷ்டத்துக்கு ஓர் எல்லை வகுத்தது. 1869இல் வந்த இன்னொரு சட்டம், சில விதிவிலக்குகளைத் தவிர, கடனுக்காகச் சிறை வைப்பதை நிறுத்தியது. இன்று பல நாடுகளில் திவால் சட்டங்கள் இருக்கின்றன. திவால் என்பது நம் பேச்சில் வசைச்சொல் மாதிரி ஆகிவிட்டது. உண்மையில் நேர்மையாகத் தோற்ற ஒருவர் மறுபடி நிமிர்ந்து நடக்கச் சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவு அது. அதைப் பயன்படுத்துவதில் எந்த அவமானமும் இல்லை. நல்ல வழக்கறிஞர் ஒருவரையும் கணக்காளர் ஒருவரையும் பார்க்காமல் வீட்டை விற்காதீர்கள், புதுக் கடன் வாங்காதீர்கள்.

கணக்கு முடிந்தாலும் மனசு முடியாது. அதற்கு நேரம் வேண்டும். நிர்வாகவியல் பேராசிரியர் டீன் ஷெப்பர்ட் 2003இல் எழுதிய ஒரு கட்டுரை, தொழிலை இழப்பதைத் துக்கமாகவே பார்க்க வேண்டும் என்று வாதிடுகிறது. எனக்கு அது முழுக்க ஏற்புடையது. பெயர் வைத்து, ராத்திரி பகல் பார்த்து வளர்த்த ஒன்று போய்விட்டது, துக்கப்படாமல் எப்படி? ஆனால் நாள் முழுக்க அதையே நினைத்துக் குமைந்தாலும் ஆகாது, ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடினாலும் ஆகாது. துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஸ்கட்டும் 1999இல் சொன்னதை ஒட்டி, இரண்டுக்கும் நடுவே மாறி மாறிப் போய்வருவதே ஆரோக்கியம் என்கிறார் ஷெப்பர்ட். கொஞ்ச நேரம் இழப்பைப் பார், பிறகு எழுந்து போய்த் தேங்கிக் கிடக்கும் வேலையைப் பார், மறுபடி வா.

எழுதுவதும் உதவும். 1994இல் ஸ்டெஃபானி ஸ்பெரா, ஜேம்ஸ் பென்னிபேக்கர் முதலியோர் வெளியிட்ட ஆய்வில், வேலை இழந்தவர்களில் ஒரு பிரிவினரை அந்த இழப்பைப் பற்றிய தங்கள் எண்ணங்களையும் கோபத்தையும் மனம்விட்டு எழுதச் சொன்னார்கள். எழுதாதவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் வேலை கிடைத்தது. யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. எழுதினால் போதும்.

அழுது முடித்த பிறகு, விபத்து விசாரணை மாதிரி ஒன்று நடத்திக்கொள்ளலாம். விமான விபத்துகளை விசாரிப்பதற்கான சர்வதேச விதியே, விசாரணையின் நோக்கம் இனி விபத்தைத் தடுப்பது, யார் மேல் பழி என்று தீர்மானிப்பது இல்லை என்று சொல்கிறது. நாம் நேர்மாறாகச் செய்கிறோம். 'எல்லாம் என் முட்டாள்தனம்' என்றோ 'பங்காளி ஏமாற்றிவிட்டான்' என்றோ தீர்ப்பெழுதிவிட்டு எழுந்துவிடுகிறோம். இரண்டிலும் அடுத்த முறைக்கான தகவல் எதுவும் கிடையாது. சந்திரயான்-2இன் லேண்டர் 2019 செப்டம்பரில் நிலவில் மோதி நொறுங்கியபோது, எஞ்சின்களின் உந்துவிசை எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தது, இறங்க ஒதுக்கிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான் என்று பிசகுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். சந்திரயான்-3இல் அந்த இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. கால்களை வலுவாக்கினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள். எதெல்லாம் கெட்டுப்போகலாம் என்பதிலிருந்தே வடிவமைப்பைத் தொடங்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கியது. 'இன்னும் கவனமாக இருப்போம்' என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி ஏவியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

தொழிலுக்குச் சொன்னது எல்லாம் வாழ்க்கைக்கு அப்படியே பொருந்தாது. முறிந்த திருமணத்துக்குக் கடன் பட்டியல் போட முடியாது. ஆனால் அங்கேயும் முடிக்காமல் இழுப்பது இருக்கிறது: வருடக்கணக்காக எழுதும் ஒரே தேர்வு, வராது என்று தெரிந்தும் காத்திருக்கும் பதில். நிறுத்தினால் இத்தனை வருடமும் வீண் என்று ஆகிவிடுமே என்ற பயம்தான் அங்கேயும் காலைக் கட்டுகிறது. போன வருடங்கள் போனவைதான். இருக்கும் வருடங்களுக்குத்தான் நாம் முடிவு சொல்ல முடியும்.

இதைப் படிப்பவர்களில் யாராவது கடன்காரர்களுக்குப் பயந்து தூங்காமல் இருந்தால், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்துபோனால், தயவுசெய்து இன்றைக்கே ஒருவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். வீட்டில் ஒருவர், ஒரு நண்பர், ஒரு மருத்துவர், யாராக இருந்தாலும் சரி. கடன் என்பது பேசித் தீர்க்கக்கூடிய விஷயம். நீங்கள் இல்லாவிட்டால் அதைப் பேசித் தீர்க்கவும் ஆள் இருக்காது, உங்கள் வீட்டில் இருப்பவர்கள் கடனையும் உங்கள் இழப்பையும் சேர்த்துச் சுமப்பார்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெரிந்தவர் ஒருவர் தொழிலை மூடிவிட்டார் என்று கேள்விப்பட்டால், 'அடுத்து என்ன பண்ணப் போறீங்க?' என்று முதல் வாரத்திலேயே கேட்காதீர்கள். வெற்றிக் கதையும் அனுப்ப வேண்டாம். ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போங்கள். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பட்டியலை அவர் தனியாக உட்கார்ந்து எழுத முடியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பார். கூட உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். கடன் கொடுத்தவர்களிடம் முதல் போன் கால் பேசும்போது பக்கத்தில் இருங்கள்.